காய்ச்சல் காயாத வருத்தம்

ஐப்பசி பிறந்து மாரி இறங்கினால் மட்டக்களப்பில் தடிமன் இல்லாத வீடு இருக்காது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று கொண்டுவந்து சேர்க்கும், நெருப்பாய்க் காயும், பனடோல் குடித்து இரண்டு மூன்று நாள் படுத்து எழும்பித் திரும்பவும் பந்தடிக்கப் போய்விடும். தாய் தகப்பனுக்கு மூக்கடைப்பு, உடம்பு நோ. அதே வீட்டில் இருக்கிற அம்மம்மாவுக்கு மட்டும் ஒன்றும் இல்லாத மாதிரித் தெரியும். இருமல் இல்லை, உடம்பு சுடவில்லை. சோறு மட்டும் பாதியில் நிற்கும். விடியவே எழும்பி முற்றம் கூட்டுகிறவர் ஏழு மணியாகியும் கட்டிலை விட்டு இறங்கமாட்டார், கேட்டால் "ஏலாமக் கிடக்கு மகள்" என்பார். "வயசு போனா அப்படித்தானே" என்று சொல்லிவிட்டு வீடு தன் பாட்டைப் பார்க்கும்.

அந்த ஒரு வசனத்துக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன். வயது போன ஒருவர் திடீரென்று சோர்ந்தால், சாப்பாடு குறைந்தால், பேச்சு மாறினால், அடிக்கடி தடுமாறி விழுந்தால், அதற்குக் கீழே ஒரு தொற்று ஒளிந்திருக்கலாம். வயது ஆண்டுக்கணக்கில்தான் ஒருவரைத் தளர்த்தும். நேற்று நன்றாக இருந்தவரை இன்றைக்குப் படுக்கையில் போடுவது வயதின் வேலையாக இருக்காது.

நான் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். நிர்ப்பீடனம், அதாவது கிருமியை எதிர்க்கிற உடம்பின் ஏற்பாடு, என்ற அலகு வரும்போது பிள்ளைகள் ஆசையாகக் கேட்பார்கள், கிருமி உள்ளே வருகிறது, வெண்குழியங்கள் ஓடுகின்றன, கிருமியைப் பிடிக்கிற புரதமான பிறபொருளெதிரி சுரக்கிறது, காய்ச்சல் வருகிறது, கிருமி சாகிறது, எல்லாம் ஒழுங்கு. ஆனால் அந்தப் பாடத்தில் இருக்கிற உடம்பு இருபது வயது உடம்பு. எழுபத்தைந்து வயதில் அதே கதை எப்படி நடக்கும் என்று பிள்ளைகளும் கேட்பதில்லை, பாடமும் அவ்வளவாகச் சொல்வதில்லை. எங்கள் வீடுகளில் இப்போது கூடிக்கொண்டு வருவது அந்த வயதுக்காரர்கள்தான். பிள்ளைகள் கத்தாரிலும் கனடாவிலும் இருக்க, ஒரு மருமகளோ ஒரு பேத்தியோதான் கிழவனையும் கிழவியையும் பார்த்துக்கொள்கிற வீடுகள் எத்தனை.

களுவாஞ்சிக்குடிப் பக்கம் இருக்கிற எங்கள் பெரியம்மாவுக்கு எண்பது நெருங்குகிறது. சீனி, பிரஷர் இரண்டும் உண்டு, என்றாலும் கோயில் சடங்கு என்றால் முதல் ஆளாய் வெளிக்கிடுகிற மனுசி. ஒரு மார்கழிக் காலையில் மச்சாள் கொடுத்த தேத்தண்ணியை வாங்கிக் கையில் வைத்தபடியே இருந்திருக்கிறார், ஆடை படர்ந்து ஆறிப்போகும் வரைக்கும் ஒரு முடறு குடிக்கவில்லை. வெற்றிலை வட்டாவைத் திரும்பியும் பார்க்கவில்லை. பிறகு மச்சாளை, செத்துப்போன தன்னுடைய தங்கச்சியின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். பக்கத்து வீட்டு ஆச்சி வந்து பார்த்துவிட்டு "வயசு போனா அறளை பேர்றதுதானே பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார். வெப்பமானி வைத்தால் 37.4 பாகை செல்சியஸ். காய்ச்சல் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மச்சாளுக்கு மனம் கேட்கவில்லை. சீனி இறங்கினாலும் இப்படிப் பிதற்றலாம் என்று முதலில் விரலில் குத்தி அதைப் பார்த்தாள், அது சரியாகத்தான் இருந்தது. பிறகு கட்டில் பக்கத்தில் குந்தி, பெரியம்மாவின் வயிறு எழும்பி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்கப் போனில் நேரம் பார்த்து எண்ணினாள். 28. ஓட்டோவைக் கூப்பிட்டு ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய், எக்ஸ்ரே எடுத்தபோது வலது நுரையீரலின் அடியில் நிமோனியா. இருமல் ஒன்றுகூட இல்லாத நிமோனியா. வாட்டில் நின்ற இளம் டொக்டர் சொன்னது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது: "அவங்களுக்கு இதுதான் காய்ச்சல்."

அது வெறும் ஆறுதல் பேச்சு இல்லை. வயது போனவர்களின் இயல்பான உடல் வெப்பமே கொஞ்சம் குறைவாக இருக்கும், 36.2, 36.3 என்று இருப்பவர்கள் நிறையப் பேர். காய்ச்சல் என்பது கிருமி செய்வதில்லை, உடம்பு செய்வது. வெண்குழியங்கள் இன்டர்லூக்கின் போன்ற இரசாயனத் தூதுகளை இரத்தத்தில் விட வேண்டும், மூளையிலுள்ள ஐப்போதலமசு அதைக் கேட்டு வெப்பத்தை உயர்த்தச் சொல்ல வேண்டும், தசை நடுங்கிச் சூட்டை உண்டாக்க வேண்டும், தோல் அந்தச் சூட்டை வெளியே விடாமல் பிடிக்க வேண்டும். இந்த வரிசையில் ஒவ்வொரு படியும் வயதோடு தளர்கிறது. அதனால்தான் கடுமையான தொற்று உள்ள முதியவர்களில் 20 முதல் 30 வீதமானோருக்குக் காய்ச்சல் மிகக் குறைவாக வரும், அல்லது வரவே வராது. முதியோர் இல்லங்களில் வசிப்பவர்களுக்கென்று அமெரிக்கத் தொற்றுநோய் வல்லுநர்கள் 2008இல் வெளியிட்ட வழிகாட்டி, வாயில் வைத்துப் பார்த்து 37.8ஐத் தாண்டினால் காய்ச்சல், திரும்பத் திரும்ப 37.2ஐத் தாண்டினாலும் காய்ச்சல், அவரவர் வழமையிலிருந்து 1.1 பாகை கூடினாலும் காய்ச்சல் என்று சொல்கிறது. நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேல் மூச்சு எடுப்பதையும் நுரையீரல் தொற்றின் அடையாளமாக அது எடுத்துக்கொள்கிறது. வழமை எது என்று தெரியாமல் மாற்றத்தைப் பிடிக்க முடியாது, ஆகவே வீட்டில் வயதானவர் நன்றாக இருக்கிற நாட்களிலேயே சில தடவை வெப்பத்தைப் பார்த்து கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான வைத்தியம் இல்லை.

முழங்கால் நோவுக்கென்று தினமும் பனடோல் போடுகிறவர்களில் அந்தச் சின்னச் சூடும் தெரியாமல் அமுங்கிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? "வயது போனால் எதிர்ப்புச் சக்தி குறையும்" என்று பொதுவாகச் சொல்கிறோம், அது பாதிதான் உண்மை. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமசு என்ற ஒரு சுரப்பி இருக்கிறது. நீண்ட காலமாக அது எதற்கென்றே யாருக்கும் தெரியவில்லை, ஒரு வேலையும் இல்லாத உறுப்பு என்றுகூட நினைத்தார்கள். 1961இல் ஜாக் மில்லர் என்ற ஆய்வாளர், பிறந்த கையோடு சுண்டெலிகளின் தைமசை அகற்றிப் பார்த்தபோதுதான், அந்தக் குட்டிகள் தொற்றுகளுக்குத் தாக்குப்பிடிக்க முடியாமல் மெலிந்து செத்துப்போவது தெரிந்தது. எலும்பு மச்சையில் பிறக்கிற கலங்கள் தைமசுக்கு வந்துதான், வெண்குழியங்களில் ஒரு வகையான ரி கலங்களாக முதிர்கின்றன. உடம்பு இதுவரை கண்டிராத கிருமியையும் அடையாளம் காணக்கூடிய புதிய ரி கலங்கள் வெளியே வருவது அங்கிருந்துதான்.

அந்தச் சுரப்பி சின்ன வயதிலிருந்தே சுருங்கத் தொடங்குகிறது, பருவமடைந்த பிறகு இன்னும் வேகமாக. அறுபதைத் தாண்டும்போது அதன் பெரும்பகுதி கொழுப்பு. புதிய ரி கலங்களின் வரத்து மிகவும் குறைந்துவிடும், இருப்பவை தமக்குள் பிரிந்து பிரிந்து எண்ணிக்கையைக் காப்பாற்றுகின்றன. ஆனால் முன்பு சந்தித்த கிருமிகளை நினைவில் வைத்திருக்கிற கலங்கள் அப்படியே நிற்கின்றன, வயதோடு அவற்றின் பங்கு கூடவும் செய்கிறது. அதாவது பழைய எதிரியைத் தெரியும், புதிய எதிரியைப் படிக்கத்தான் கஷ்டம்.

இதற்கு மிக அழகான சான்று, வட அத்திலாந்திக்கில் டென்மார்க்கின் ஆட்சியிலுள்ள பரோ தீவுகளிலிருந்து வருகிறது. 1846இல் அங்கே சின்னமுத்து பரவி, ஏறக்குறைய 7,800 சனத்தில் 6,000 பேருக்கு மேல் பிடித்தது. டென்மார்க் அனுப்பிய இளம் வைத்தியர் பீட்டர் பானும் வீடு வீடாய்ப் போய் விசாரித்தார். 65 வருடத்துக்கு முன்னால், 1781இல், அதே நோய் ஒருமுறை வந்து போயிருந்தது. அப்போது வந்து பிழைத்த கிழவர் கிழவிகளில் ஒருவருக்குக்கூட இரண்டாம் முறை வரவில்லை. அதே வயதில் இருந்து, 1781இல் நோய் பிடிக்காமல் தப்பியிருந்தவர்களுக்கோ வந்தது. 1918ஆம் ஆண்டு இன்புளுவென்சாப் பெருங்காய்ச்சலைக் கடந்து வந்த, 91 முதல் 101 வயது வரையான 32 பேரின் இரத்தத்தைச் சோதித்து 2008இல் வெளிவந்த ஆய்விலும் இதேதான், தொண்ணூறு வருடம் கழித்தும் அந்த வைரசுக்கெதிரான பிறபொருளெதிரி அவர்களிடம் இருந்தது.

ஆகவே எங்கள் பெரிசுகளின் உடம்பு ஒன்றும் வெறும் கூடு இல்லை. சின்னமுத்து, அம்மாள் (கொப்புளிப்பான்), கூவைக்கட்டு என்று வரிசையாகக் கண்டு பிழைத்த உடம்புகள் அவை. கொவிட் வந்தபோது அவர்கள் ஏன் அப்படிச் சரிந்தார்கள் என்பதும் இதிலிருந்து விளங்கும். அது யாருடைய நினைவிலும் இல்லாத கிருமி, புதிதாகப் படிக்க வேண்டிய பாடம், படிக்க வேண்டிய கலங்களோ அவர்களிடம்தான் மிகக் குறைவு. இலங்கையில் கொவிட்டால் இறந்தவர்களில் பெரும்பான்மையோர் அறுபது தாண்டியவர்கள்.

இடம் அடைப்பதற்கும் ஆள் இருக்கிறது. சைட்டோமெகலோ வைரஸ் என்று ஒன்று, சின்ன வயதிலேயே பெரும்பாலானோர் உடம்பில் புகுந்து, ஒரு கெடுதலும் காட்டாமல் ஆயுள் முழுக்க உள்ளேயே இருந்துவிடும். அதைக் காவல் காப்பதற்கென்றே நினைவுக் கலங்களில் பத்தில் ஒரு பங்கு வரை ஒதுங்கிப்போகிறது.

இன்னொரு பக்கம், இரத்தத்தில் நியூட்ரோபில் என்ற வெண்குழியங்கள் எண்ணிக்கையில் குறைவதில்லை, ஆனால் கிருமி இருக்கிற இடத்துக்கு நேராகப் போகத் தெரியாமல் அலைகின்றன, போகிற வழியில் நல்ல திசுவையும் சேதமாக்குகின்றன. பிரிவதை நிறுத்திவிட்ட முதிய கலங்கள் சாகாமல் கிடந்து அழற்சி இரசாயனங்களை விட்டுக்கொண்டே இருக்கின்றன. வட்டையில் சூடடித்த பிறகு மூட்டிய உமி, நெருப்பே தெரியாமல் நாள் கணக்கில் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்குமே, அந்த மாதிரி ஒரு தணியாத அழற்சி. இத்தாலியின் குளோடியோ பிரான்செஸ்கியும் கூட்டாளிகளும் 2000இல் இதற்கு ஒரு தனிப் பெயரே வைத்தார்கள். எதிர்ப்பு தேவையான நேரத்தில் தாமதமாக எழும்புகிறது, தேவையில்லாத நேரத்தில் அணையாமல் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்று விற்கிற பவுடர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. எதைக் கூட்டப் போகிறார்கள்? அந்தக் கனலையா? ஓய்வூதியக் காசில் அந்த டின்னை வாங்குகிற முதியவருக்கு அதே காசில் ஒரு மாதத்துக்கு முட்டை வாங்கிக் கொடுக்கலாம்.

அடையாள அட்டையில் இருக்கிற வயதும் உடம்பின் வயதும் ஒன்றாக ஓடுவதில்லை. படுவான்கரையில் எழுபது வயதில் வரம்பு கட்டுகிற ஆட்களைக் கண்டிருக்கிறேன், ஐம்பத்தைந்தில் கட்டுப்படாத சீனியோடு கால் விரலில் ஆறாத புண்ணோடு இருக்கிறவர்களையும் கண்டிருக்கிறேன். இரத்தத்தில் சீனி கூடினால் வெண்குழியங்கள் மந்தமாகும், கால் மரத்துப்போனால் முள் குத்தியதே தெரியாது. தொற்றைப் பொறுத்தவரை இரண்டாவது ஆள்தான் மூத்தவர். பிரித்தானியாவில் 55 முதல் 79 வயது வரையான 125 பேரை, வயது முழுக்கச் சைக்கிள் ஓடி வந்தவர்களை, ஆராய்ந்து 2018இல் ஓர் ஆய்வு வந்தது. அதே வயதில் உடலுழைப்பில்லாமல் இருந்தவர்களைவிட அவர்களுடைய தைமசிலிருந்து புதிய ரி கலங்கள் கூடுதலாக வந்துகொண்டிருந்தன. எங்கள் ஊர் அப்பாமார் சந்தைக்கும் கோயிலுக்கும் சைக்கிளில்தானே போனார்கள். "விழுந்திடுவீங்க, வேணாம்" என்று சொல்லிச் சைக்கிளைப் பிடுங்கி மூலையில் சாத்துகிற பிள்ளைகள், அதற்குப் பதிலாகப் பின்னேரங்களில் அவரோடு சேர்ந்து நடக்கவாவது வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி நிறையச் சொல்லலாம், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். வயது போனவர்களுக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்பது முதியோர் போசணை வல்லுநர்களின் கணக்கு, கடுமையான சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு மட்டும் டொக்டர் வேறு கணக்குச் சொல்வார். ஐம்பது கிலோ பெரியம்மாவுக்கு 50, 60 கிராம். ஒரு முட்டையில் இருப்பது கிட்டத்தட்ட 6 கிராம்தான். தேத்தண்ணியும் பிஸ்கட்டும், மத்தியானம் இரண்டு பிடி சோறும் குழம்பும் என்று நாளைக் கடத்துகிறவர்களுக்கு இது எட்டாது. பல் இல்லையென்றால் மீனை முள் எடுத்து உதிர்த்துக் கொடுக்கலாம், நெத்தலி சொதியில் நெத்தலியையும் சேர்த்து மசித்துக் கொடுக்கலாம், பயறு அவிக்கலாம்.

பல் இல்லையென்றாலும் வாயைத் துப்புரவாக வைக்க வேண்டும், இதை யாரும் சொல்வதில்லை. விழுங்குதலும் இருமலும் தளர்ந்தவர்களுக்கு, படுத்திருக்கும்போது எச்சில் சிறிது சிறிதாக நுரையீரலுக்குள் இறங்கும், அதோடு வாயிலுள்ள பற்றீரியாவும் போகும். ஜப்பானிய முதியோர் இல்லங்களில் செய்து 1999இல் வெளியான ஆய்வில், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் வாய் துப்புரவாக்கப்பட்டவர்களுக்கு நிமோனியா குறைவாகவே வந்தது. படுக்கையில் இருக்கிறவரை நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும், ஊட்டிய கையோடு படுக்கப் போடக் கூடாது, கட்டுப்பல் என்றால் இரவில் கழற்றிக் கழுவ வேண்டும்.

தடுப்பூசி என்றால் எங்கள் சனத்துக்குக் கைக்குழந்தைதான் ஞாபகம் வரும். பிள்ளைக்கு ஊசி தவறினால் பதறுகிற வீடு, அப்பப்பாவுக்கு ஒரு ஊசி என்றால் "இந்த வயசில எதுக்கு" என்று கேட்கும். இந்த வயதில்தான் வேண்டும். முதிய உடம்பு ஊசிக்குச் சரியாகப் பதில் கொடுக்காது என்பது உண்மைதான், அதற்காகவே வேறு மாதிரி ஊசிகள் செய்திருக்கிறார்கள். 65 தாண்டியவர்களுக்கென்று நான்கு மடங்கு செறிவான இன்புளுவென்சா ஊசி ஒன்று உண்டு, வழமையான ஊசி போட்ட அதே வயதினரோடு ஒப்பிட்டால் அதைப் போட்டவர்களுக்கு இன்புளுவென்சா 24 வீதம் குறைவாக வந்தது. அக்கிக்கு எதிரான ஊசியோ என்னை மலைக்க வைத்த ஒன்று. சின்ன வயதில் வந்த அம்மாளின் வைரஸ் நரம்பு வேரில் உறங்கிக் கிடந்து, காவல் தளர்ந்த நேரம் பார்த்து அக்கியாக எழும்புகிறது. சிலி நாட்டு மரமொன்றின் பட்டையிலிருந்து எடுத்த சாறும் சேர்ந்த, ஊசியின் பலனைக் கூட்டுகிற ஒரு தூண்டிமருந்தோடு செய்த புதிய ஊசி, இரண்டு தடவை போட்டால், எழுபது தாண்டியவர்களிலும் ஏறக்குறைய 90 வீதம் காப்பாற்றியது. சரியான முறையில் தட்டினால் அந்தக் கிழட்டு நிர்ப்பீடனமும் எழும்பும் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும். நிமோனியாவைத் தருகிற நிமோகொக்கசு என்ற பற்றீரியாவுக்கு எதிரான ஊசியும் உண்டு. யாருக்கு எது, எங்கே கிடைக்கும் என்பதை கிளினிக் டொக்டரிடம் வாய் திறந்து கேளுங்கள்.

எங்கள் பகுதிக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது வயலைப் பற்றி. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பெரும்போகத்துக்கு நிலம் பண்படுத்துகிற காலமும் மாரியும் ஒன்றாகத்தான் வரும். எலியின் சலம் கலந்த தண்ணீரில் வெடித்த குதிக்காலோடு நிற்கும்போது எலிக்காய்ச்சல் புகுகிறது. அதே சேற்றில் மெலியொய்டோசிஸ் என்ற நோயைத் தருகிற பற்றீரியாவும் வாழ்கிறது, சீனி உள்ளவர்களைத்தான் அது அதிகமாகப் பிடிக்கும், நிமோனியா மாதிரியும் வரும், சீழ்க்கட்டி மாதிரியும் வரும், காசநோய் என்று நினைத்து ஏமாறவும் வைக்கும், மாதக் கணக்கில் மருந்து எடுக்க வேண்டியிருக்கும். வயல் செய்கிற வயதான ஆளுக்குக் காய்ச்சலோ, சோர்வோ, ஆறாத புண்ணோ என்று ஆசுப்பத்திரிக்குப் போனால் "இவருக்குச் சீனி இருக்கு, போன கிழமை வயலுக்குள்ள இறங்கினவர்" என்ற இரண்டையும் டொக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

அதேபோல மற்றவர்களுக்கும். "சும்மா ஏலாமக் கிடக்கு" என்று சொன்னால் அவசரம் தெரியாது. "முந்தாநாள் வரைக்கும் தானே கிணத்தடிக்குப் போய்க் குளிச்சவர், நேற்றிலிருந்து எழும்பி நிற்க ஏலாது, ஆள் அடையாளமும் மாறுது" என்று, எப்போதிலிருந்து என்ன மாறியது என்பதைச் சொல்லுங்கள். மூச்சு எண்ணிய கணக்கு, வழமையான வெப்பம், இன்றைய வெப்பம், கடைசியாகச் சலம் போன நேரம், குடிக்கிற மருந்துகள், கடைசியாகப் பனடோல் குடித்த நேரம், எல்லாம் ஒரு துண்டில் இருக்கட்டும். எல்லாத் தடுமாற்றமும் தொற்றாக இருக்காது, சீனி இறங்கியிருக்கலாம், பாரிசவாதமாக இருக்கலாம், இரத்தத்தில் உப்புக் குறைந்திருக்கலாம், அவையும் வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடியவை இல்லை. மூச்சு வாங்கினாலோ, திடீரென்று ஆள் தடுமாறினாலோ, சலம் நன்றாகக் குறைந்தாலோ விடியும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

எலிக்காய்ச்சலுக்கு முற்காப்பாகக் கிழமைக்கு ஒருமுறை குடிக்கிற டொக்சிசைக்கிளின் குளிசையை, வயலுக்குள் இறங்க முன்னரே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு வாங்கலாம். புரட்டாதியிலேயே கேளுங்கள், வீட்டில் வயலுக்குப் போகிற அப்பா இருந்தால் அவருடைய மற்ற மருந்துகளின் பேரையும் கொண்டுபோய்க் காட்டி, அவருக்கும் சேர்த்துக் கேளுங்கள்.